எழுபதைத் தாண்டாத வண்டி

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

அப்பாவுக்கு டயர் கடையில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று நடந்த பேச்சை முழுதாகக் கேட்டது நான் ஒருத்திதான், மற்ற எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

சுகந்தி அக்காவையும் மாமாவையும் ஆடிக்கு அழைத்திருந்தோம். மாசியில் கல்யாணம், இது முதல் ஆடி. வாசலில் தீ மூட்டித் தேங்காய் சுட்டோம். தேங்காய்க் கண்ணில் வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் குத்தி, அக்காதான் பிடித்திருந்தாள். மாமா அதைப் படம் எடுத்தார். அவர் பெயர் லோகநாதன். குமாரபாளையத்தில் இருக்கிறார், மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். எங்கள் சொந்தத்தில் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சீராக் குடுத்த வண்டி எழுவதுக்கு மேல போக மாட்டேங்குதுங்க. மொத ரெண்டு மாசம் நூறு, நூத்தி அஞ்சு போச்சு. இப்ப மொபெட்டுல கீரைக்கட்டு வெச்சுட்டுப் போறவரு என்னத் தாண்டிப் போறாரு."

"சர்வீஸ் விட்டுப் பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"மூணு தடவை விட்டாச்சுங்க. ஒண்ணுமில்லைங்கறான். எங்க வீட்ல என்ன பேசிக்கறாங்கன்னா..." நிறுத்தினார். "வேண்டாம், விடுங்க."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஷோரூம்ல எல்லாரும் ஓட்டிப் பாக்க வெச்சிருந்த வண்டிய உங்க தலையில கட்டிட்டாங்களோன்னு. நான் சொல்லலைங்க. வீட்ல சொல்றாங்க."

அப்பாவின் முகம் சுருங்கியது. மாமா போகும்போது சாவியை அப்பா கையில் கொடுத்தார். "ஆடி முடியற வரைக்கும் சுகந்தி இங்கயே இருக்கட்டும். வண்டி சரியானதும் போன் பண்ணுங்க. வந்து சுகந்தியக் கூட்டிட்டுப் போறேன்." நண்பரின் காரில் ஏறிப் போய்விட்டார்.

வண்டி சரியாவதையும் அக்காவைக் கூட்டிப் போவதையும் ஏன் சேர்த்துச் சொன்னார்? சரியாகவில்லை என்றால்?

ஜூலை 18, வெள்ளி

அம்மாவின் சந்தேகம்: "காரு கேக்கறதுக்கு அடி போடறாங்க. வண்டியக் கொற சொன்னா நாம பதறிக்கிட்டு ஏதாச்சும் பண்ணுவம்னு."

அப்பாவின் சந்தேகம் ஷோரூம். காலையிலேயே அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அவர்கள் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்து, கோளாறு எதுவும் காட்டவில்லை என்று காகிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா யார் மேலும் சந்தேகம் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

மீட்டரே பொய் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. வண்டி நூறில் போய், முள் எழுபதைக் காட்டினால்? இதை அப்பாவிடம் சொல்ல ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வாயைத் திறந்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். அது சங்கடமாக இருக்கிறது.

சொன்னேன். அப்பா உடனே வண்டியை எடுத்தார். பைபாஸில் அவர் முழுக்க முறுக்கி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை போனில் நேரம் பார்த்தேன். ஐம்பத்திரண்டு விநாடி. கணக்குப் போட்டால் அறுபத்தொன்பது. மூன்று முறையும் அதேதான். மீட்டர் உண்மைதான் சொல்கிறது.

திரும்பும்போது நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். அப்பா லாரி டிரைவர். இருபத்தெட்டு வருடத்தில் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

ஜூலை 21, திங்கள்

வண்டிச் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணை வைத்து, எந்த மாதம் செய்தது என்று பார்த்தேன். போன டிசம்பர். வாங்கியது பிப்ரவரியில். ரசீதில் எழுதியிருந்த ஓட்டம் நான்கு கிலோமீட்டர். புது வண்டிதான்.

அப்பா மலிவாகக் கிடைத்தது என்று ஏதாவது வாங்கிவிட்டாரோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

அப்பா நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போகிறார். வர மூன்று வாரம் ஆகும்.

"வண்டிய செங்கோடன் பட்டறையில விடச் சொல்லிருக்கறேன். நீ பக்கத்துலயே நில்லு கண்ணு. எவன நம்பறதுன்னு தெரியல. படிச்சவ நீ, உன்ன ஏமாத்த முடியாது."

ஜூலை 24, வியாழன்

செங்கோடன் அண்ணன் பட்டறை, சங்ககிரி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால். நான் போய் நின்றதும் சிரித்தார்.

"ஏம்மிணி, காலேஜ்ல வண்டி ரிப்பேரு சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லைங்கண்ணா. ஃபிசிக்ஸ்."

"அதுல என்ன வரும்?"

எல்லாமே வரும் என்று சொல்ல நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். நன்றாகச் சுற்றியது, பிரேக் உரசவில்லை. செயின் சரி. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. இதில் இன்ஜினும் சேர்ந்தே அடங்குகிறது. ப்ளக் மாற்றினார். பெட்ரோலை இறக்கி வேறு பங்க்கில் போட்டார். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெயிலில் காட்டினார். புதுசு போல இருந்தது.

"மூக்கு நல்லாத்தான் இருக்குது. மூச்சுத்தான் விட மாட்டேங்குது."

அவர் கழற்றிய ஒவ்வொன்றும் திரும்ப அதே இடத்துக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னம்மிணி, போலீசாட்டம் பாக்கற? உங்கப்பன் சொல்லி வுட்டானா?"

"இல்லைங்கண்ணா."

"சொல்லித்தான் வுட்டிருப்பான். எனக்கு முப்பது வருசப் பழக்கம் அவன்கூட. இன்னும் என் பட்டறையில பெட்ரோல் டேங்க்குக்குப் பூட்டுப் போட்டுத்தான் போவான்."

ஓட்டிப் பார்த்தார். அறுபத்தெட்டு.

ஜூலை 25, வெள்ளி

மாமாவையே சந்தேகப்பட்டேன். பின் சக்கரத்தின் பல் சக்கரத்தைப் பெரிதாக மாற்றினால் வேகம் குறையும். அவரே மாற்றிவிட்டு நம்மேல் குறை சொன்னால்? மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸால் குறி வைத்து, பற்களை எண்ணினேன். கையேட்டில் போட்ட எண்ணிக்கைதான். இரண்டாம் முறையும் எண்ணினேன்.

மாமாவை வீணாகச் சந்தேகப்பட்டதற்கு வருத்தமாக இருந்தது. ரொம்ப நேரம் இல்லை.

ஜூலை 28, திங்கள்

காலை ஆறு மணிக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் போனேன். கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா லைசென்ஸ் எடுக்க வைத்துவிட்டார். ஆனாலும் ஆள் நடமாட்டம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஐம்பது வரை குறையே இல்லை. துள்ளிக்கொண்டு போகிறது. அறுபதில் கனக்க ஆரம்பிக்கிறது. அறுபத்தெட்டில், எவ்வளவு முறுக்கினாலும், சத்தம் மட்டும்தான் மாறுகிறது. கொஞ்சமாக ஓடும்போது கொஞ்சம் காற்று போதும், வேகமாக ஓட நிறையக் காற்று வேண்டும். அந்த நிறையத்தான் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதே?

வந்து அக்காவிடம், "வாக்கா, பின்னால உக்காரு. ரெண்டு ஆள் எடையில எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்" என்றேன்.

"எனக்குத் துணி தொவைக்கணும்."

"பத்து நிமிஷந்தான்."

"வரலன்னா விடேன்டி."

சாயங்காலம் அம்மா அவளை மாரியம்மன் கோயிலுக்கு என்னோடு வண்டியில் போகச் சொன்னாள். வண்டி வேண்டாம் என்று இரண்டு கிலோமீட்டர் நடந்தே போனாள்.

ஜூலை 30, புதன்

ஒன்று என்னை உறுத்துகிறது. பிளஸ் டூ முடித்து நான்கு வருடம் அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் இருந்தாள். மெக்கானிக்குகளே அவளிடம்தான் கேட்பார்கள், எந்த வண்டிக்கு எது சேரும் என்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வாள். இந்தப் பதினான்கு நாளில் நான் அவளிடம் நான்கு முறை கேட்டேன். "செயின் டைட்டா இருக்கும் பாரு." "டயர்ல காத்து கம்மி." "பெட்ரோல் சரியில்ல." "இந்த மாடலே இப்படித்தான்."

நான்கும் தப்பு. அக்கா இந்த விஷயத்தில் நான்கு முறை தப்பாகச் சொல்லுகிற ஆள் இல்லை.

பிளஸ் டூவில் அவள் மார்க் என்னுடையதைவிட அதிகம். அது பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க நின்றபோது எனக்குத் துணைக்கு வந்து கியூவில் நின்றவள் அவள்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். பாதி.

பைபாஸ் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரால் ஃபில்டர் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். தொண்ணூற்றைந்து! பயத்தில் நானேதான் குறைத்தேன். மூடியைத் திரும்பப் போட்டேன், அறுபத்தெட்டு. ஆக, ஃபில்டருக்கும் முன்னாலேயே காற்று தடைபடுகிறது. கையேட்டில் படம் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புக் குழாய் வாய். அதன் வழியாகத்தான் வெளிக்காற்று பெட்டிக்குள் வருகிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஃபில்டரைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து சத்தமாகச் சொன்னேன். இவ்வளவு சத்தமாக நான் பேசிப் பல வருடம் இருக்கும். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கருகல் வாசம் வந்தது.

நாளை சீட்டைக் கழற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

சீட்டைக் கழற்றினேன். ஒன்றும் இல்லை.

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. அக்காவின் பெட்டியில் கல்யாணத்துக்கு வந்த ரவிக்கைத் துணிகளை எடுத்து மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

மாமா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டி என்னாச்சுங்க அத்தை?"

"பாத்துட்டிருக்கறாங்க மாப்பிள்ளை."

"சரிங்க."

அவ்வளவுதான். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்பார் என்று அம்மா போனை அவள் பக்கம் நீட்டியபடியே பிடித்திருந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் தேதி நான் எழுதியது பொய். டைரியிலும் பொய் எழுதுவேன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சீட்டுக்கு அடியில், அந்தக் குழாய் வாயில், துணி இருந்தது. பச்சை ரவிக்கைத் துணி. நான்காக மடித்து, சுருட்டி, தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டால் கட்டி, ஓரத்தில் விரல் நுழையும் அளவு இடம் விட்டுச் செருகியிருந்தது. முழுக்க அடைத்திருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது, யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். எவ்வளவு விட்டால் போதும் என்று தெரிந்தவர்தான் செய்திருக்க முடியும்.

எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்தேன். சீட்டைப் பூட்டினேன். செங்கோடன் அண்ணனிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பியது போலத் தெரியவில்லை.

மூன்று நாளாக அக்காவையே பார்க்கிறேன். அவளுக்கு அந்த வீடு பிடிக்கவில்லையா? வண்டியைக் கெடுத்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தாளா? அல்லது அப்பாவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கவா? அவளைப் படிக்க வைக்காமல், வண்டி மட்டும் வாங்கிக் கொடுத்தார் என்பதற்காகவா? என்மேல் கோபமா? எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் இதைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் வேண்டுமென்றே அக்கா காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னேன்: "செங்கோடன் அண்ணன் மத்தியானம் வந்து சீட்டைக் கழட்டிப் பாக்கறாராம்."

அரை மணி நேரத்தில் அக்கா வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வண்டி கழுவப் போனாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். சீட்டைத் தூக்கினாள். கையை உள்ளே விட்டாள். எடுக்கவில்லை. துணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எத்தன நாளாடி தெரியும் உனக்கு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"சனிக்கிழமையிலிருந்து."

"ஏன் எடுக்கல?"

"நீ ஏன் வெச்ச?"

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுத முயல்கிறேன்.

"அவரு கை நீட்ட மாட்டாரு மதி. திட்டக்கூட மாட்டாரு. கோவம் வந்தா சாவிய எடுப்பாரு. 'ஏறு'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான். பைபாஸ்ல ஏத்திருவாரு. நூறு, நூத்திப் பத்து. லாரிக்கும் லாரிக்கும் நடுவுல. நான் கத்தினாலும் பேச மாட்டாரு, அழுதாலும் பேச மாட்டாரு. மன்னிச்சுக்கங்கன்னு சொன்னாத்தான் கொறைப்பாரு. எதுக்கு மன்னிப்புன்னு எனக்குத் தெரியணும்னு இல்ல. வீட்டுக்கு வந்து எறங்குனா, சாப்பாடு போடுன்னு சாதாரணமாச் சொல்லுவாரு. அடிச்சிருந்தாலாவது தடம் இருந்திருக்கும், காட்டியிருப்பேன்."

"எத்தன தடவ?"

"பதினொண்ணு. சித்திரை கடைசியில துணிய வெச்சேன். அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போனாரு. எழுவதுல எவ்ளோ நேரம் ஓட்டினாலும் அவரு நெனச்சது நடக்கல. அதான் வண்டி மேல இவ்ளோ கோவம்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"சொன்னேன். சித்திரையில போன் பண்ணிச் சொன்னேன். அவரு ஓட்டறது பயமா இருக்குதும்மான்னு. அம்மா உன்னக் கேட்டாங்களாம். நீதான் அவருகூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தியே. ஜாலியாத்தான் ஓட்டறாருன்னு சொன்னியாம். 'மதியே பயப்படல, உனக்கென்னடி'ன்னு வெச்சுட்டாங்க."

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. செமஸ்டர் லீவில் அக்காவைப் பார்க்கப் போனேன். மாமா என்னைப் பேருந்து நிலையத்தில் விடுகிறேன் என்றார். பாலத்தில் ஏறியதும், "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு இன்னும் முறுக்கினார். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமாம், வெட்கம். சிரித்தேன். இறங்கி, டாட்டா காட்டினேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்கு எடுத்த சில்லறையைக் கீழே கொட்டினேன். அம்மா கேட்டபோது ஜாலியா ஓட்டினாரு என்றேன், பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவார்களோ என்று.

இத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். என் பெயர் அந்த வரிசையில் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவிடம் சொன்னேன். அன்று பொய் சொன்னதையும் சேர்த்து.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "குடிக்கறானா? இல்ல. அடிக்கறானா? இல்ல. வேகமா ஓட்டறான்னு சொல்லி ஒரு புள்ளைய வீட்ல வெச்சுக்க முடியுமா? ஊரு சிரிக்கும்டி. உங்கப்பா வரட்டும்" என்றாள்.

சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அப்பா வந்தார். அம்மா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. குளித்துவிட்டு வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"ஸ்பீடா ஓட்டறாரா மாப்பிள்ளை? வயசு அப்படி கண்ணு. நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். இதுக்கெல்லாம் பயந்தா ரோட்டுல போக முடியுமா? நான் பாக்காத ரோடா?"

அக்கா சரிங்கப்பா என்றாள். உள்ளே போய்த் தன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஞாயிறு ஆவணி ஒன்று, ஆடி முடிந்து அவள் திரும்பிப் போக வேண்டிய நாள்.

அவர் பயத்தைப் பார்த்ததே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் துணியை எடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

"அப்பா, வண்டி சரியாயிருச்சு. வந்து பாருங்க."

"நீ ஓட்டிக் காட்டு, நான் இங்க நின்னு பாக்கறேன்."

"பின்னால ரெண்டாவது ஆள் இருந்தாத்தாங்கப்பா சரியாத் தெரியும்."

இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டோம். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பைபாஸில் ஏறும் வரை வழி சொல்லிக்கொண்டே வந்தார். இண்டிகேட்டரு போடு. கண்ணாடியப் பாரு. நான் பதில் சொல்லவில்லை.

எண்பதில், "ஆமா, சரியாயிருச்சு, போதும்" என்றார்.

தொண்ணூறில், "போதும் கண்ணு."

முன்னால் ஒரு டேங்கர், பக்கத்தில் ஒரு டிரெய்லர். அவற்றின் நடுவில் நான் போகவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கில்லை. டிரெய்லர் விலகியதும் வலது தடத்தில் டேங்கரைத் தாண்டினேன். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்பாவின் கால் என் கால் பக்கத்தில் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது. "மதி! ஏ மதி! காது கேக்குதா?" தோளை இரண்டு கையாலும் பிடித்தார். நகம் பதிந்தது. நூற்று நான்கு. என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, காற்றால் மட்டும் இல்லை. "நிறுத்து சாமி, என்ன தப்புப் பண்ணேன், சொல்லு!" என்று கத்தினார்.

அப்போது குறைத்தேன். ஓரத்தில் நிறுத்தினேன். அப்பா என் தோளைப் பிடித்துத் தொங்கித்தான் கால் ஊன்றினார். ஹெல்மெட்டைக் கழற்ற அவருக்கு வரவில்லை, நான் கழற்றிவிட்டேன்.

"ஏன்டி பேச மாட்டேங்கற? கூப்பிட்டுட்டே வர்றேன்ல?"

"மாமாவும் பேச மாட்டாருங்கப்பா."

அப்பா சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் அவரைத் தெரிந்து ஹாரன் அடித்தார். அப்பா கையைத் தூக்கவில்லை.

"எத்தன தடவன்னு சொன்னா?"

"பதினொரு தடவைங்கப்பா."

"ஒரு தடவையே..." என்றார்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். முப்பதுக்கு மேல் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அப்பா மாமாவுக்குப் போன் செய்து வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அக்கா மடித்த துணிகளை அம்மா திரும்ப அலமாரியில் வைத்தாள். யாரும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அப்பாவின் மேல் சந்தேகம்தான். ஆளை நேரில் பார்த்ததும் மாப்பிள்ளை என்று இளகிவிடுவாரோ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

பத்து மணிக்கு மாமா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அப்பா சாவியைக் கொடுத்தார்.

"நூத்தி நாலு போகுதுங்க மாப்பிள்ளை. நானே பின்னால உக்காந்து பாத்தேன்."

"அப்பச் சரிங்க மாமா. என்ன கோளாறுன்னாங்க?"

"துணி அடைச்சிருந்துச்சு."

மாமா ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். புன்னகை அப்படியே இருந்தது. "சுகந்தி, பேக்க எடுத்துட்டு வா."

"நான் வரலைங்க."

"வண்டிதான் சரியாயிருச்சே?"

"சரியானதாலதான் வரல."

மாமா திண்டாடவில்லை. அப்பாவிடம் திரும்பினார். "என்னங்க மாமா, சின்னப் புள்ளையாட்டம். நான் ஒரு நாள் கை நீட்டியிருக்கறனா? அவளையே கேளுங்க." அப்பா தரையைப் பார்த்தார். மாமா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாக என்னிடம் வந்தார்.

"மதி, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. உன்னையுந்தான கூட்டிட்டுப் போனேன்? சிரிச்சுட்டுத்தான வந்த?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் உள்ளே போய்விடும் நேரம் இது.

"பயந்தனுங்க மாமா. நீங்க பயமான்னு கேட்டுட்டு இன்னும் முறுக்குனீங்க. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சிரிச்சது பொய்."

கடைசி வரை சொன்னேன்.

அப்பா தலையை நிமிர்த்தினார். "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை."

"பெரியவங்கள வெச்சுப் பேசறேங்க" என்றார் மாமா. அப்போதும் சத்தம் போடவில்லை.

"பேசலாங்க. வரும்போது வண்டியையும் கொண்டாரச் சொல்லுங்க. வர்றவங்கள ஒவ்வொருத்தரா மதி பின்னால உக்கார வெச்சு அனுப்பறேன். எறங்கி வந்து அவங்களே பேசட்டும்."

மாமா வண்டியை எடுத்தார். தெருமுனை வரை மெதுவாகத்தான் போனார். நாங்கள் நான்கு பேரும் வாசலில் நின்றோம். வீட்டுக்குப் பின்னால் சோளக்காடு தாண்டினால் பைபாஸ், அதில் ஏறியதும் சத்தம் கூடியது. அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"எழுவது" என்றாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "எம்பது." சத்தம் மெலிந்துகொண்டே போனது. "தொண்ணூறு."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். நூறை அக்கா சொல்லவில்லை. அதற்குள் வண்டி காதுக்கு எட்டாத தூரம் போயிருந்தது.